அதற்கு முன் தெரியாது

எங்கள் இலங்கைப் பாடப்புத்தகங்களில் பரிணாமத்துக்குக் ‘கூர்ப்பு’ என்று பெயர். பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பில் அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கரும்பலகையில் எழுதிய காலையில், பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், “கவ்வாத்துக் கத்தி தீட்டுறதப் பத்தின பாடமாடா?” என்று கேட்டான். தேயிலைச் செடி மரமாகிவிடாமல் சில வருடங்களுக்கு ஒருமுறை தட்டையாக வெட்டிவிடுவதைத்தான் எங்கள் பக்கம் கவ்வாத்து என்பார்கள். அவனுடைய அப்பாவுக்கு அதுதான் வேலை. அதனால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் நான் சிரித்தேன். அந்த வருடம் நான் சிரித்த இடங்களில் பாதியில் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலை அது. பதினோராம் தரத்தோடு நின்றுபோயிருந்த பள்ளிக்கூடத்துக்கு, பெற்றோர்கள் மனுமேல் மனு எழுதி, வேலைக்குப் போகாமல் கல்வி அலுவலகத்தின் வாசலில் போய் நின்று, கடைசியில் ஒருவழியாக உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்டுவந்திருந்தார்கள். பழைய சாமான் அறைக்கு வெள்ளையடித்து ஆய்வுகூடம் என்று பலகை மாட்டினார்கள். ஒரு நுணுக்குக்காட்டி வந்தது. அதைப் பூட்டிவைக்க ஒரு அலுமாரியும் வந்தது. உயிரியல் படிப்பிக்க நான் வந்தேன். நானும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள்தான். அம்மா கொழுந்து எடுத்தவர். மகள் விஞ்ஞான டீச்சர் என்று சொல்லும்போது அம்மாவின் குரல் கொஞ்சம் உயரும். அந்தப் பெருமை எனக்கும் தலையில் ஏறியிருந்தது. என் தங்கை அதற்கு வாய்த்துடுக்கு என்று பெயர் வைத்திருந்தாள்.

ஆறு பேர்தான் வகுப்பு. அதில் ஒரு பெண் மற்ற ஐந்து பேரையும் விட்டுவிட்டு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். நான் பாடத்தைத் தொடங்குகிற அன்று அவள் அதை வாசித்து முடித்திருப்பாள். வாசித்ததைக் காட்டிக்கொள்ளவும் மாட்டாள். எங்கே தனக்கு விளங்கவில்லையோ அந்த இடம் வரும்வரை காத்திருந்து, அங்கே மட்டும் கையைத் தூக்குவாள். அவளுடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மா நோயில் கிடந்த ஒரு சமயம், அவர்கள் குடும்பத்தோடு கோயிலை விட்டு, கீழ் லயத்துக்கு அப்பால் தகரக்கூரை போட்டிருந்த ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் திருவிழாவுக்கு வரி கொடுப்பதில்லை, அன்னதானச் சோறு வாங்குவதில்லை. லயத்தில் இதெல்லாம் யாரும் மறக்கிற விஷயங்கள் இல்லை.

என்னவாகப் போகிறாய் என்று ஒருநாள் அவளைக் கேட்டேன். டாக்டர் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

“தேயிலையப் பத்திப் படிக்கணும் டீச்சர். ஆராய்ச்சி பண்றாங்கள்ல, அது மாதிரி. நம்ம சனம் இத்தன காலமா அந்தச் செடியக் கிள்ளிக்கிட்டே இருக்கு. அது என்னா செடின்னு நம்மள்ல ஒருத்தருக்கும் தெரியாது.”

அதற்கு விவசாய பீடத்துக்குப் போக வேண்டும். அங்கே போக உயிரியல் வேண்டும். உயிரியல் எங்கள் தோட்டத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. இதை நான் அப்போதே நன்றாக யோசித்து வைத்திருக்க வேண்டும்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாரியம்மன் திருவிழாவுக்கு நான் விரதம் இருப்பேன். தேர் லயத்து முற்றத்துக்கு வரும்போது எனக்குக் கண் கலங்கும். மறுநாள் வகுப்பில் உயிரின் தோற்றம் பற்றி நடத்துவேன். இரண்டும் என் மண்டைக்குள், லயத்து அறைகளைப் போல, அடுத்தடுத்த காம்பராவில் குடியிருந்தன. ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்கும், ஆனால் சண்டை வந்ததில்லை. எப்படி என்று யாராவது கேட்டிருந்தால் யோசித்துச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூர்ப்புப் பாடத்தைத் தொடங்குமுன் ஆளுக்கொரு தாள் கொடுத்து, ‘மனிதன் எங்கிருந்து வந்தான்?’ என்று கேள்வியைப் பலகையில் எழுதி, தோன்றியதை எழுதச் சொன்னேன். சாமி படைத்தது என்று எழுதுவார்கள், குரங்கிலிருந்து என்று எழுதுவார்கள், அங்கிருந்து பேச்சைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

ஒருவன் எழுதியிருந்தான்: ‘திருச்சி மாவட்டம், முசிறியிலிருந்து வந்தான்.’ அடுத்தவள்: ‘தோணியில் ஏறி மன்னாருக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தான். வழியில் நிறையப் பேர் செத்தார்கள்.’ கவ்வாத்துக் கத்திக்காரன் எழுதியது: ‘இந்தியாவிலிருந்து. ஆனால் இப்போது இலங்கைப் பிரஜை. அடையாள அட்டை இருக்கிறது.’

நான் மேசையில் கவிழ்ந்து சிரித்தேன். பிள்ளைகளும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. எங்கிருந்து வந்தாய் என்று எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் அவர்கள் காதில் அது ஒரே ஒரு கேள்வியாகத்தான் விழும். அரசாங்கக் கந்தோரில் கேட்பது அது, படிவத்தில் கேட்பது அது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சிங்களத்தில் விசாரிப்பதும் அதுதான். இந்தத் தீவில் வேறெந்தப் பிள்ளையும் இந்தக் கேள்விக்கு இப்படிப் பிழையாகப் பதில் எழுதியிருக்காது.

தேயிலையைப் படிக்க வேண்டும் என்றவளின் தாளில் மூன்று வசனம்தான் இருந்தது. ‘என் அப்பாவின் பாட்டனார் துறையூர்ப் பக்கமிருந்து வந்தார். அதற்கு முன் தெரியாது. அதற்கு முன் தேவன்.’

‘தெரியாது’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, ‘நல்லது, இங்கிருந்து தொடங்குவோம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வருடம் நான் எழுதியதில் உருப்படியான வரி அது ஒன்றுதான். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் அதை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

பாடம் நன்றாகத்தான் போனது. மனிதனும் குரங்கும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து வந்த இரண்டு கிளை, குரங்கு நம் தாத்தா இல்லை, தூரத்துப் பங்காளி என்று படம் போட்டு விளக்கினேன். மூன்றாவது நாள் ஒருவன் எழுந்து, “டீச்சர், எங்கப்பா கேட்டாரு, அப்ப நாங்க கொரங்குதானான்னு,” என்றான். இன்னொருவன், “சாமி குத்தம் டீச்சர்,” என்றான். அன்று காலை, அப்போது நான் குடியிருந்த அட்டனிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவள். என் பையை வைத்திருந்த சீட்டில் ஒரு ஆள் அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, தோட்டத்து ஆட்கள் என்று தொடங்கி ஏதோ ஒன்றைத் தன் கூட்டாளியிடம் சொல்லிச் சிரித்திருந்தான். அந்தக் கோபம் இன்னும் எனக்குள் ஆறவில்லை.

“பஸ்ஸுலயும் கடையிலயும் நம்மள என்னென்னவோ சொல்றாங்க, வாயப் பொத்திக்கிட்டு வர்றோம். கொரங்கு நமக்குச் சொந்தக்காரன்னு ஒரு புத்தகம் சொன்னா மட்டும் ரோசம் பொத்துக்கிட்டு வருது,” என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அன்று இடைவேளையில் ஆசிரியர் அறையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நான் இதை அப்படியே, கையை ஆட்டி நடித்துச் சொல்லிக் காட்டினேன். எனக்கு அது நல்ல பதிலாகப் பட்டது. பூகோளம் நடத்துகிற டீச்சர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

ஒரு வாரத்தில் அது வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. ‘நம் சனத்தைக் குரங்கு என்று சொன்ன டீச்சர்.’ பிரதேச சபைத் தேர்தலுக்கு ஆட்கள் மாலையும் நோட்டீசுமாக அலைந்துகொண்டிருந்த நேரம். எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அதில் நின்றார். கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். பாதை போட்டுத் தருவதாகப் போனமுறை சொன்னது நடக்கவில்லை, கூரைத் தகரமும் வரவில்லை. பேச ஏதாவது வேண்டியிருந்தது. நான் அகப்பட்டேன்.

பாடசாலையில் கூட்டம் போட்டார்கள். கோயில் கமிட்டியும் ஜெபவீட்டுப் பாஸ்டரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்துக்காக ஒருவர்மேல் ஒருவர் முறையிட்டுப் பொலிஸ்வரை போனவர்கள் அவர்கள். அவர்களை ஒன்றாக உட்கார வைத்த பெருமை எனக்குத்தான் சேர வேண்டும்.

தலைவர் கத்தவில்லை. அவர் வருத்தப்பட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “டீச்சர் வெளியாளு இல்ல. இந்த லயத்துப் புள்ள. இவங்க அம்மா கூட எங்க அம்மா ஒரே மலையில கொழுந்து எடுத்தாங்க. அடுத்தவன் நம்மள கொரங்குன்னா கேட்டுக்கலாம். நம்ம வளத்த புள்ள சொல்லலாமுங்களா?”

பாஸ்டர் எழுந்தபோது நான் கையைக் கட்டிக்கொண்டு ஆயத்தமாக இருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “பாடம் அரசாங்கம் குடுத்தது. நடத்தத்தான் வேணும். புள்ளைங்க நம்பிக்கைய கேலி பண்ணாம நடத்துங்கன்னுதான் கேக்குறோம்.” அவர் கையில் ஒரு கைபேசி இருந்தது. அதில் வந்திருந்ததைப் பாடசாலை அதிபர் வாங்கி வாசித்தார். பஸ், கடை, சொந்தக்காரன், ரோசம் பொத்துக்கிட்டு வருது. நான் சொன்ன வார்த்தைகள் ஒன்றுகூடப் பிசகாமல் இருந்தன.

நான் கூட்டத்தைப் பார்த்தேன். கடைசியில் கதவோரமாக அவளுடைய அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது என்னருகே வந்து மெதுவாக, “டீச்சர், எம்புள்ள மேல கோவம் வச்சிக்காதீங்க,” என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. சிரிக்காமல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவள், ஜெபவீட்டுக்காரி, பாஸ்டர் கையில் என் வார்த்தை, இப்போது அப்பாவின் மன்னிப்பு. நானே கணக்கைப் போட்டு நானே விடையை எழுதிக்கொண்டேன். கண்டதை நம்பாதே, ஆதாரம் எங்கே என்று கேள் என்று பலகையில் எழுதிப் போட்டு வகுப்பு நடத்துகிறவள், ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்று உண்மையைச் சொல்வதானால், ஜெபவீட்டுக்காரி என்ற ஒன்றுதான் எனக்கு ஆதாரமாக இருந்தது. எங்கள் அம்மனின் சோற்றை வாங்காதவர்கள் எதையும் செய்வார்கள் என்ற எண்ணம், நான் படித்த படிப்புக்கெல்லாம் அடியில், ஒரு மூலையில் பத்திரமாக இருந்திருக்கிறது.

மறுநாள் மேலிடத்திலிருந்து அதிபருக்குத் தொலைபேசி வந்தது. தேர்தல் நேரத்தில் பிரச்சினை வேண்டாமாம். வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும்; அந்த அலகை இந்த வருடம் பிள்ளைகள் தாமாகவே வாசித்துக்கொள்ளட்டும், குறிப்புகளைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்றார் அதிபர். நல்ல மனிதர். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். முடியாது என்றால் கொத்மலைப் பக்கமோ அதற்கும் அப்பாலோ இடமாற்றம் வரும் என்பது சொல்லாமலே விளங்கியது. அம்மா அப்போது படுக்கையில் இருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அவள் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்த வாசற்படியைத் தாண்ட மாட்டார்கள். வெளியே நின்று, யாராவது நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பார்கள். நான் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல ஒரு கட்டுக் கொப்பிகளைத் திருத்தி முடித்தேன். அவள் போகவில்லை. கையில் கொப்பி, விரலை ஒரு பக்கத்துக்குள் வைத்து மூடியிருந்தாள்.

“என்ன?”

“டீச்சர், ஒன்னு கேக்கணும். அந்தப் பாடத்துல.”

“அது இப்ப என் பாடம் இல்ல. எதுவா இருந்தாலும் ஒங்க பாஸ்டர்கிட்டயே போய்க் கேட்டுக்க.”

அறையில் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். பூகோள டீச்சர் தலை குனிந்துகொண்டார். அவருக்கு என் கோபம் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அவள் அழுதுவிடுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. “சரிங்க டீச்சர்,” என்று சொல்லிவிட்டு, விரலை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்காமலே திரும்பிப் போனாள்.

அதன் பிறகு நான் அவளைத் திட்டவில்லை. வகுப்பில் அவள் பக்கம் பார்ப்பதை விட்டேன், அவ்வளவுதான். அவள் கையைத் தூக்கினால் நேரமில்லை என்று அடுத்த பக்கத்துக்குப் போனேன். பரீட்சைத் தாளில் அவளுக்குச் சேர வேண்டிய புள்ளியைக் குறைக்காமல் போட்டேன். அதைத்தான் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் அவள் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள்.

தவணை முடிகிற சமயம் அதிபர் ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். “அந்தப் புள்ள கலைப் பிரிவுக்கு மாறுதாம் டீச்சர். பாட ஆசிரியர் கையெழுத்து வேணும்.” அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ஜன்னல் கட்டையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. பஸ் கிடைத்தது.

தேர்தல் முடிந்தது. தலைவர் வென்றார். பட்டாசு வெடித்து, அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். குரங்கை ஊர் மறந்துவிட்டது. அடுத்த வருடம் புது வகுப்புக்கு அதே பாடத்தை அதே படத்தைப் போட்டு நடத்தினேன். ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. வழியில் தலைவர் கண்டால், “என்னா டீச்சர், சொகமா?” என்று விசாரித்துவிட்டுத்தான் போவார்.

பூகோள டீச்சருக்கு இடமாற்றம் வந்து, பிரியாவிடை நடந்த நாளில், கேக் வெட்டி முடிந்த பிறகு அவர் என்னைத் தனியே அழைத்தார். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னார்: “நான்தான் டீச்சர். நீங்க சொன்னத வீட்டுல போய்ச் சிரிச்சிக்கிட்டே சொன்னேன். எங்க வீட்டுக்காரரு தலைவர் கட்சி. அவருதான் எழுதி அனுப்பியிருக்காரு. இப்பிடிப் போகும்னு சத்தியமா நெனைக்கல.”

என்னால் அவரிடம் கோபப்படக்கூட முடியவில்லை. என் வாயிலிருந்து அவர் வாய்க்குப் போனது, நானே நடித்துக்காட்டிக் கொடுத்தது. எனக்கு நினைவு வந்ததெல்லாம் வாசற்படியில் கொப்பிக்குள் விரலை வைத்துக்கொண்டு நின்றவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய லயத்துக்குப் போனேன். அவள் ஜெபத்துக்குப் போயிருந்தாள்; அப்பாவுக்கு உடம்பு முடியாததால் அவர் மட்டும் வீட்டில் இருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கூட்டத்தன்று தன் மகள்மேல் கோபம் வைக்க வேண்டாம் என்றாரே, அது ஏன் என்று கேட்டேன். “நம்ம ஜெபக்காரங்கதான் போட்டுக் குடுத்தாங்கன்னு ஊர்ல பேச்சு, டீச்சர். நீங்களும் அப்பிடி நெனச்சிறக் கூடாதேன்னு சொன்னேன்,” என்றார். அவரே தொடர்ந்தார்: “பிரிவு மாத்துறதுக்கு அலைய விடுவாங்கன்னு பயந்தேன். நீங்க ஒரு வார்த்த கேக்காம கையெழுத்து போட்டுக் குடுத்தீங்க. பெரிய ஒதவிங்க.”

மன்னிப்புக் கேட்கப் போன நான், அவர் சொன்ன நன்றியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அவள் கலைப் பிரிவில் பரீட்சை எழுதினாள். சித்தியடைந்தாள், ஆனால் எடுத்த புள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. அட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கடை இருக்கிற பக்கமாக நான் நடப்பதில்லை. துணி வாங்க நுவரெலியாவுக்குப் போனேன். இதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது.

போன மாசி மாதம், நல்ல வெயில் காலம், அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு வரும் பஸ்ஸில் கூட்டம் நெரித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கை என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது. “இருங்க டீச்சர்,” என்று எழுந்து இடம் கொடுத்தவள் அவள்தான். நான் மறுத்தேன். பக்கத்திலிருந்தவர் இறங்க, இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். கழுத்தில் கடையின் பெயர் போட்ட அட்டை தொங்கியது. கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

கடையைப் பற்றிக் கேட்டேன். முதலாளி நல்ல மனிதர் என்றாள். அம்மா எப்படி என்று கேட்டாள். அம்மா போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன். நோர்வூட் தாண்டும்வரை இப்படியே பேசினோம். பிறகு அவள், “அன்னிக்கு ஸ்டாஃப் ரூமுக்கு ஒன்னு கேக்க வந்தேனே, ஞாபகம் இருக்குங்களா?” என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை.

“இருக்கு.”

“எங்க லயத்துக்கு மேல ஒரு மலை இருக்குல்ல, தோட்டத்துல கைவிட்டது. கவ்வாத்து இல்ல, மருந்து இல்ல, தேயில எல்லாம் மரமாப் போயிருச்சு. விதை விழுந்து கீழ கன்னு மொளைக்கும். அந்த வருசம் வெயில்ல பாதிக் கன்னு காஞ்சிருச்சு, பாதி தாங்கிருச்சு. ஒரே மரத்துக் கன்னுதான் டீச்சர். தாங்குனது வளந்து அதுல விதை விழுந்தா, அடுத்தது இன்னும் கொஞ்சம் வெயில் தாங்கும்ல? அதான் அந்த இயற்கைத் தேர்வான்னு கேக்கணும்னு எழுதிக்கிட்டு வந்தேன்.”

பாடப்புத்தகத்தில் எங்கோ ஒரு தீவின் குருவிகள் இருந்தன. அவளுக்குத் தலைக்கு மேலேயே மலை இருந்திருக்கிறது. என் வகுப்பில் யாருக்கும், எனக்கும்கூட, அந்த மலை கண்ணில் படவில்லை.

“அதேதான்,” என்றேன். “நீ நெனச்சது சரி.”

அவள் முகம் சற்றே மலர்ந்தது. “இன்னொன்னும் இருந்திச்சு டீச்சர். எங்க ஜெபத்துல தேவன் தெரிந்துகொண்டார்னு சொன்னா, தேர்ந்தெடுத்தார்னு அர்த்தம். புத்தகத்துலயும் தேர்வுன்னு இருக்கு. ஆளே இல்லாத மலையில யாரு தேர்ந்தெடுக்கிறதுன்னு எனக்கு ஒரே யோசன. நீங்க விரதமும் இருக்கீங்க, பாடமும் நடத்துறீங்க. ஒங்களால முடியுதுன்னா எனக்கும் முடியும்ல. எப்பிடின்னு கேக்கத்தான் வந்தேன்.”

இதற்கு என்னிடம் அன்று பதில் இருந்திருக்கும். பஸ்ஸில் இருக்கவில்லை.

“பாஸ்டர்கிட்ட கேட்டியா?” என்றேன்.

“நீங்கதான கேக்கச் சொன்னீங்க. கேட்டேன்.” அவள் சிரித்தாள். “இது எனக்குத் தெரியாது மகளே, ஒங்க டீச்சர் படிச்சவங்க, அவங்ககிட்டயே கேளுன்னு சொன்னாரு.”

பஸ் ஒரு வளைவில் ஒதுங்கி, எதிரே வந்த கொழுந்து லொறிக்கு வழிவிட்டு நின்றது. நான் அவள் கையைப் பிடித்து, தவறு என்னுடையது, நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், மன்னித்துக்கொள் என்று சொன்னேன். பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“பரவால்லீங்க டீச்சர். அப்பாதான் பயந்துக்கிட்டு பாரத்த எழுதுனாங்க. டீச்சருக்கு நம்ம மேல கோவம், இனி அங்க படிக்க முடியாதுன்னாங்க.” அவளுடைய லயத்துக்கு ஏறும் படிக்கட்டு தெரிந்தது. என் பையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். “நான் சரின்னேன். நீங்க என்னைக் கூப்பிட்டு ஏன்னு கேப்பீங்க, கையெழுத்து போட மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

மணியை அடித்தாள். “வர்றேன் டீச்சர்,” என்று சொல்லி இறங்கி, வெயிலுக்குத் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு படியேறிப் போனாள்.